அறுபத்தோரு நாள்

கட்டிப்போட்ட படகுக்கும் பசிக்கும்.
ராத்திரியில் கயிறு முனகுவதைக்
காது கொடுத்துக் கேட்டவருக்குத் தெரியும்.

சித்திரை பிறந்த மறுநாள் தொடங்கியது தடை.
காசிமேட்டில் தோளோடு தோள் உரசி
நிற்கின்றன விசைப்படகுகள்,
லீவு விட்ட பள்ளிக்கூடத்தில்
ஓரமாக நகர்த்திய பெஞ்சுகள் மாதிரி.

கடல் அங்கேயேதான் இருக்கிறது.
டீசல் இருக்கிறது, வலை இருக்கிறது.
போகாமல் இருப்பது மட்டும்தான் வேலை.
அதற்கு இத்தனை உடம்பு வலிக்கும் என்று
எனக்குத் தெரியாது.

இருபதாம் நாள் கத்திரி ஆரம்பம்.
ஐஸ் கம்பெனி குணசீலனும் அன்றுதான் வந்தார்.
பனிக்கட்டி விற்கிறவர் வாயில்
அப்படி ஒரு நெருப்பு.
பாக்கி கேட்டார், சரி.
என் அப்பன் பெயரை ஏன் இழுக்க வேண்டும்,
அதுவும் டீக்கடை வாசலுக்குக் கேட்கிற மாதிரி?

என் வலது கை பழைய கை.
நாலு வருடம் முன்னால், இதே ஜெட்டியில்,
ஒரு கூடை சங்கராவின் கணக்குக்காக
எத்திராஜை அறைந்த கை.
ஒரு நொடி ஆகியிருக்கும்.
அந்த நொடிக்கு இன்றுவரை
தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன்.
அவன் மகள் கல்யாணத்துக்குத் தெருவே போனது.
மைக்செட்டில் வந்த பாட்டையெல்லாம்
வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டோம்.

குணசீலன் பேசப்பேச
ஸ்பேனரால் என்ஜின் நட்டை இறுக்கினேன்.
இறுகி முடிந்தது. அவர் முடிக்கவில்லை.
இன்னும் இறுக்கினேன்.
கடைசியில் மரை தேய்ந்து
நட்டு கையோடு வந்துவிட்டது.
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்,
யாருக்கு நட்டு கழன்றது என்று.
மறுநாள் ராயபுரம் கடையில் புது நட்டு, அறுபது ரூபாய்.
என் கோபம் இவ்வளவு மலிவாக
முடிந்ததே இல்லை.

இந்த வித்தையில் பூங்காவனம் என்னைவிடக் கெட்டிக்காரி.
லாரியில் வந்த மங்களூர் மீனைக்
கூறு போட்டு விற்கிறாள்.
காருக்குள்ளிருந்தே ஒருவர் மூக்கைப் பொத்தி,
"இன்னாமா, நாத்தம் அடிக்குது?"
செதில் சீவுவதை நிறுத்தாமல் சொல்கிறாள்:
"அது மீனு நைனா.
மல்லி அடுத்த கடையிலே."
கையில் கத்தியை வைத்துக்கொண்டு
சிரிக்கத் தெரிந்தவள்.
ராத்திரி வீட்டுக்கு வந்து
தலையில் மூன்று சொம்பு தண்ணீர் ஊற்றிய பிறகே
பேசுவாள். அதுவரை நானும் கேட்பதில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் ராத்திரி.
பலகை அசைந்தது. நிமிர்ந்தேன். எத்திராஜ்.
நாலு வருடத்துக்குப் பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை:
"வர்றியா?"

லைட்டை அணைத்துவிட்டுப் போய்விடலாமாம்.
ஒரே ராத்திரி, யாருக்கும் தெரியாதாம்.
தங்கச்செயினை மூழ்கவிடப் போகிறதாம் அடகுக்கடை.
அவன் டிரைவருக்குக் காய்ச்சல்.
சாவி என் இடுப்பில் இருந்தது.

எத்தனை ராத்திரி காத்திருந்த குரல் அது!
சரி என்று ஒரு சொல் போதும்,
அறைக்கும் கணக்கு தீர்ந்துவிடும்.
முடியாது என்றால்
இன்னொரு நாலு வருடம்.

எங்களுக்குக் கீழே, கருங்கல்லுக்கும் அப்பால்,
இருட்டில் சினை சுமந்து
மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்
வஞ்சிரத்தை நினைத்தேன்.
அது என்னை நினைத்திருக்காது.

"உட்காரு" என்றேன்.

உட்கார்ந்தான்.
வேறெதுவும் நான் சொல்லவில்லை.
சொல்ல வந்த நியாயங்களை, சட்டத்தை,
பிடிபட்டால் கட்டவேண்டிய அபராதத்தை
எச்சிலோடு விழுங்கினேன்.
அவனும் இரண்டாம் முறை கேட்கவில்லை.
துறைமுகத்தின் சிவப்பு விளக்கு
அணைந்து எரிந்து அணைந்து எரிந்தது.
இருந்த ஒரு கட்டு பீடியைப்
பாதிப்பாதியாகக் குடித்தோம்.

விடியக் கொஞ்சம் முன்னால் எழுந்தான்.
போகிற போக்கில் குனிந்து
பழைய போல்ட்டில் பளபளக்கும்
புது நட்டைத் தடவிப் பார்த்தான்.
"ஓவரா இறுக்கிட்டே போல."

ஆமாம் என்றேன்.

இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.